முதுகுளத்தூர் பஸ்ஸும் பினாங்கு வக்கீலும்

1

போன வாரம் இந்த ஊர் பஸ்ஸில் ஒரு பெரியவர் உட்கார மறுத்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான். அடிதடி இல்லை, கலவரம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரில் இருக்கும் உங்களிடம் கொட்டித் தீர்த்தால்தான் தூக்கம் வரும் போலிருந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன். கீழக்கரைக்காரன் பினாங்குக்குப் போய்க் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு என்னத்தைக் கிழிக்கிறான் என்று கேட்கிறவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

மகள் நூரைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நூருக்குப் பதின்மூன்று வயது. இங்கேயே வளர்ந்த பிள்ளை. படகுத்துறை அருகில் பஸ் நின்றபோது அந்தப் பெரியவர் ஏறினார். அக்கரையிலிருந்து படகில் வந்திருக்க வேண்டும். ரப்பர் எஸ்டேட்டில் உழைத்துத் தேய்ந்த உடம்பு, கையில் ஒரு துணி மூட்டை, தோளில் துண்டு. நூருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"உட்காருங்க அய்யா," என்றேன்.

"இருக்கட்டுங்க தொரை. நின்னே பழக்கம்."

இரண்டாவது முறை சொன்னேன். சிரித்தார். மூன்றாவது முறை சொன்னபோது கூச்சப்பட்டுக்கொண்டு இன்னும் பின்னால் நகர்ந்து போய்விட்டார். நூர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாப்பா, அவங்களுக்குக் காலில் நோவா? மடக்க முடியாதா?"

எதற்கும் பதில் சொல்வதற்குத்தான் எனக்குக் கூலி கொடுக்கிறார்கள். நீதிபதி கேட்டாலும் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் சொல்லுவேன். அன்றைக்கு மகளிடம் வாய்தா வாங்கினேன். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போய், அவளை எதிரில் உட்காரவைத்து, என் கல்லூரித் தோழன் சந்தனத்தின் கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

2

சுதந்திரம் வந்த சூட்டோடு மதுரையில் பி.ஏ. படித்தவர்கள் நாங்கள். அந்தச் சூட்டை இப்போது நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது! எதற்கெடுத்தாலும் ஊர்வலம். விடுதிச் சாம்பாரில் உப்பு அதிகம் என்றால்கூட அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவோம். மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். தலைவர் ஒருவர் இருந்தார். மேடை ஏறினால் சிங்கம். அவர் பேசப் பேச எனக்கு மயிர்க்கூச்செறியும்.

சந்தனம் மேடை ஏறவே மாட்டான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். தலைவர் முழங்கி முடித்ததும் எழுந்து, "அத எப்படிச் செய்வீக?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். கூட்டம் முழுக்கச் சிரிக்கும். தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பார். அந்தக் கேள்விக்காகவே நான் அவனோடு ஒட்டிக்கொண்டேன்.

அவன் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் புழுதி. அவன் அய்யா அடுத்தவர் கொல்லையில் மிளகாய் பறித்துப் பிழைத்தவர். ஊருக்குத் தெற்கே தள்ளி இருந்த தெரு அவர்களுடையது. எந்தத் தெரு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன்தான். சர்க்கார் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் படித்தான். அது நின்றால் படிப்பும் நிற்கும்.

விடுமுறைக்கு இருவரும் ஒரே ரயிலில் வருவோம். ராமநாதபுரத்தில் இறங்கி எனக்குக் கீழக்கரை பஸ், அவனுக்கு முதுகுளத்தூர் பஸ். எப்போதும் என்னை முதலில் ஏற்றிவிட்டுத்தான் அவன் போவான். "நீ ஏறுலே, என் பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு" என்பான். என்ன தங்கமான நட்பு என்று நானும் கையசைத்துக்கொண்டே போவேன்.

ஒரு முறை கீழக்கரை பஸ் கெட்டுப்போய் நின்றுவிட்டது. அதனால் அவன் பஸ் கிளம்புவதை முதன்முதலாகப் பார்த்தேன். யுத்தகாலத்துக் கரி பஸ். பின்னால் கரி அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. உள்ளே பாதி இடம் காலி. சந்தனம் டிக்கெட் வாங்கினான். வாங்கிவிட்டுப் பின்பக்கம் போய், அந்த அடுப்புச் சூட்டில், தகரப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றான். எனக்குப் புரியவில்லை. ஓடிப்போய் ஜன்னல் வழியாக, "உக்காருலே! எம்புட்டு எடம் கெடக்கு!" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்துப் போ போ என்று கண்ணைக் காட்டினான். பஸ் போய்விட்டது.

கல்லூரி திறந்ததும் கேட்டேன்.

"உனக்குத் தெரியாதாக்கும்?" என்றான். "எந்த எடத்துல எறங்கணும்னு சொன்னாப் போதும், கண்டக்டருக்கு எந்தத் தெருன்னு தெரிஞ்சிரும். அதுக்கப்பறம் நின்னுக்கிட்டுத்தான் போகணும். ஏறுன நாள்லருந்து அப்படித்தான் போறேன், வாரேன்."

பஸ்ஸில் அப்படிச் செய்யக்கூடாது என்று அப்போதே சட்டம் இருந்தது. சட்டம் சென்னையில் இருந்தது. பஸ் முதுகுளத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

3

கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நூரைப் பார்த்தேன். "முகத்தில் எழுதியிருக்குமா வாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ வேறு ஊர் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கியிருக்கலாமே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதி என்ற ஒன்றை இந்தப் பிள்ளைக்கு எழுத்து எழுத்தாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மலாயில் சொல்லலாம் என்றால் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் பாடப் புத்தகம் வாசிப்பதுபோல் இருக்கிறது. தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதிதான் ஏறுகிறது. பசிக்கிறதா என்று அவள் உம்மா கேட்டால், "நான் சுடா சாப்பிட்டேன்" என்பாள். சாப்பிட்டாகிவிட்டது என்பதற்கு மலாய்ச் சொல்லைத் தமிழுக்குள் செருகுகிறாள். கீழக்கரையிலிருந்து வந்த என் மாமியார், பிள்ளை சுடச்சுடச் சாப்பிட்டு வாயைப் பொசுக்கிக்கொள்கிறாள் என்று பயந்துவிட்டார்.

நானும் யோக்கியன் இல்லை. இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மலாய் பேசிக் காட்ட வேண்டும். அதிகாரி கேட்பார், இவர்கள் சொல்ல வேண்டும். எஸ்டேட்டிலேயே பிறந்து, வேலை செய்து, பிள்ளை பெற்றவர்கள்கூட மேசைக்கு முன்னால் போனதும் வாயடைத்து நிற்பார்கள். பிறந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். பிறந்தபோது கூட இருந்த துரை லண்டனுக்குப் போய்விட்டார். மருத்துவச்சி மண்ணுக்குள் போய்விட்டார். இன்றைக்கு வா, நாளைக்கு வா, அந்த ஜன்னலுக்குப் போ, இந்த ஜன்னலுக்குப் போ. துறைமுகக் கூலிகளோடும் தோட்டத் தொழிலாளர்களோடும் கூடப் போய் அவர்களுக்காகப் பேசுவதுதான் என் பாதிப் பிழைப்பு. போன மாதம் ஓர் அதிகாரியிடம் கோபம் வந்து, பேசிக்கொண்டிருந்த மலாயை விட்டுவிட்டு, "ஏலே, மனுசனா நீ!" என்று கத்திவிட்டேன். நல்ல வேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. அருகில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தஞ்சாவூர்க்காரர். கொஞ்சமும் சிரிக்காமல், "ஐயா பொறுமையை வேண்டுகிறார்" என்று மலாயில் சொன்னார்.

இந்த வக்கீல் தொழிலுக்கு வந்து சேர்ந்த வழியும் நேரானதல்ல. சென்னையில் வாங்கிய சட்டப் பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். லண்டன் போய் பாரிஸ்டர் ஆகி வா என்றார்கள். போனேன். அங்கே பரீட்சை மட்டும் போதாது. சட்டம் படிக்கிற மண்டபத்தில் கவுன் போட்டுக்கொண்டு இத்தனை விருந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒரு விதி. சத்தியமாகச் சொல்கிறேன், விளையாட்டில்லை. நாலு நாலு பேராக உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பையன்கள் முள்கரண்டியைப் பிடிக்கத் தெரியாத என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். நான் எனக்குள் சிரித்துக்கொள்வேன். விருந்து வைத்துச் சட்டம் பேசுகிற விவகாரத்தில் நான் அவர்களுக்கு முன்பே அடிபட்டவன்.

4

அந்த விருந்தைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

பஸ் விஷயம் தெரிந்ததும் நான் சும்மா இருப்பேனா? சங்கத்தைக் கூட்டினேன். தலைவர் கர்ஜித்தார். அடுத்த விடுமுறையில் சங்கத்து முக்கியஸ்தர்கள் எல்லோரும் கீழக்கரைக்கு வருவது, என் வீட்டில் சமத்துவ விருந்து நடத்துவது, அங்கேயே போராட்டத்துக்குத் திட்டம் தீட்டுவது என்று முடிவாயிற்று. யோசனை என்னுடையது. பெருமையாக இருந்தது.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் விருந்து என்றால் சஹன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வண்டிச் சக்கரம்போல் அகலமான ஒரு தட்டு. அதில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவோம். கப்பல் முதலாளியும் அவர் கப்பலில் மூட்டை தூக்குகிறவரும் ஒரே சஹனில் உட்காருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். சமத்துவத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியுமா?

உம்மா இரண்டு நாள் சமைத்தார்கள். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தாளிச்சா, கடைசியில் இனிப்புக்குத் தொதல். சைவக்காரர்களுக்குக் கத்தரிக்காய் தனியாக. சஹன்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் எழுந்து நின்று சின்னதாக ஒரு பிரசங்கமே செய்தேன். "வாருங்கள் தோழர்களே, ஒரே தட்டில் கை வைப்போம்!"

ஒருவரும் நகரவில்லை.

தலைவர் சஹனைப் பார்த்தார். சஹனைச் சுற்றி உட்கார வேண்டியவர்களின் விரல்களைப் பார்த்தார். சாதி ஒழிய வேண்டும் என்று மதுரையே அதிர முழங்கியவர், மெதுவாக என் காதில், "எச்சிலாச்சேப்பா" என்றார். ஒருவன் வயிறு சரியில்லை என்றான். இன்னொருவனுக்கு அன்றைக்குத்தான் விரதம் என்று ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் சகோதரத்துவமாக இருப்பது அவர்கள் வீட்டில் அருவருப்பாக இருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இது கீழக்கரைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அவர்களை விடுங்கள். சந்தனமாவது உட்காருவான் என்று நினைத்தேன். அவனுக்காகத்தானே இத்தனையும்! அவனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த உம்மா ஆளுக்கொரு தட்டு அனுப்பிவைத்தார்கள். பிறகு எல்லோரும் வெளுத்துக் கட்டினார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை.

சாப்பிட்டதும் சந்தனம் என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஏலே காசிம், கோவிச்சுக்கிராத. உங்க உம்மா கைக்குப் பொன் வளையல் போடணும். ஆனா ஒண்ணு கேக்குறேன். ஒரே தட்டுல கை வைக்கணும்னு நான் என்னைக்காச்சும் கேட்டனா?"

"சமத்துவம்னா அதானலே?"

"அது உனக்கு. எனக்கு என் தட்டு தனியா வேணும். அத எங்கன வச்சுச் சாப்பிட்டாலும் எவனும் எந்திரின்னு சொல்லக்கூடாது. அம்புட்டுத்தான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை!"

"முதுகுளத்தூர் பஸ்ஸுல ஒரு சீட்டு," என்றான். "வேற ஒண்ணும் வேணாம்."

5

மறுநாளே கிளம்பினோம். ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் சந்தனம் டிக்கெட் வாங்கி, ஏறி, முன்பக்க இருக்கையில் உட்கார்ந்தான். நாங்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் கோஷம் போடக்கூடாது என்று அவன் சொல்லியிருந்தான். தலைவருக்கு அது பெரிய தண்டனை.

கண்டக்டர் வந்தார். சந்தனத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஏலே, பின்னால போ," என்றார்.

"டிக்கெட்டு வாங்கிட்டேண்ணே."

"வாங்குனா? அங்கன போயி நில்லு."

"எடம் இருக்குல்ல. உக்காந்தே வாரேன்."

கண்டக்டர் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். "நீ எந்திரிக்காம பஸ் நகராது," என்று சொல்லிவிட்டு இறங்கி வெற்றிலை போடப் போய்விட்டார்.

சித்திரை வெயில். பஸ் அடுப்பாகக் காய்ந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் பொறுத்தார்கள். பிறகு வசவு தொடங்கியது. கண்டக்டரை ஒருவரும் திட்டவில்லை, எங்களைத்தான் திட்டினார்கள். எல்லாரையும்விட உரக்கத் திட்டியவர் அந்தோணியம்மாள் என்ற கருவாட்டுக்காரி. தங்கச்சிமடத்திலிருந்து ரயிலேறிப் பாம்பன் தாண்டி வந்து, முதுகுளத்தூர்ச் சந்தையில் கருவாடு விற்கிறவர். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சுருக்குப் பை, தொண்டை வெண்கலம்.

"ஏலே படிச்ச பயலுகளா! சந்தை கலைஞ்சு போகும்லே! உங்க வீட்டுலயா எனக்குக் கஞ்சி ஊத்துவீக? மாதாவே, இவனுகளுக்கு நல்ல புத்தியக் குடு!"

என் தைரியமெல்லாம் வியர்வையாக வழிந்தது. சந்தனம் மட்டும் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

போலீஸ் வந்தது. தலைவர் சற்று முன்புதான் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தார். அந்தத் தண்ணீர் எந்த ஊரில் இருந்ததோ, அதற்குப் பிறகு அவரைக் கல்லூரியில்தான் பார்த்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கரைந்தார்கள். கடைசியில் மிஞ்சியது இருவர். பஸ்ஸை மறித்துப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ததாக வழக்கு. சந்தனம் முதல் எதிரி, நான் இரண்டாம் எதிரி.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பானால் இருவருக்கும் கல்லூரியில் இடமில்லை. என்னை வெளியே தள்ளினால் வாப்பாவின் கடை இருந்தது. சந்தனத்தைத் தள்ளினால் மிளகாய்க் கொல்லைதான். பி.ஏ. பரீட்சை எழுதும் முன்பே அவனுடைய உபகாரச் சம்பளம், பட்டம், அவன் தெருவே அவன்மேல் வைத்திருந்த நம்பிக்கை எல்லாம் அந்தத் தீர்ப்பில் தொங்கியது.

பஸ் முதலாளிக்குப் பயந்து வக்கீல்கள் யாரும் வழக்கை எடுக்கவில்லை. ஒரு பெரிய வக்கீல் மட்டும் உள்ளே கூப்பிட்டு, "தப்புன்னு ஒத்துக்கிட்டு, சின்ன அபராதத்தக் கட்டிட்டுப் போயிருங்கடா. உங்க முதல்வர் எனக்குத் தெரிஞ்சவர்தான், நான் பேசிக்கிறேன்," என்றார். நல்ல மனிதர். வாப்பாவும் அதையே சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெளியே வந்ததும் சந்தனத்திடம் கெஞ்சினேன்.

"அபராதத்தக் கட்டுனா நான் உக்காந்தது குத்தம்னு ஆயிரும்," என்றான். "அப்பறம் எங்க ஊர்க்காரன் எவனுமே உக்கார முடியாது. நான் ஒத்துக்கிற மாட்டேன். நீ வேணும்னா ஒத்துக்கிட்டுப் போ காசிம், நான் வருத்தப்பட மாட்டேன்."

அவனைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வக்கீலுக்கு என்ன செய்வது என்றேன். நானே பேசுகிறேன் என்றான்.

6

ராமநாதபுரம் கோர்ட்டு. டவாலி பெயரைக் கூப்பிட்டதும் நான் சந்தனத்தின் முதுகோடு ஒட்டிக்கொண்டு போனேன். சந்தனம் அன்றைக்கு யாரிடமோ இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தோளில் தொளதொளவென்று தொங்கியது. எதிரிகளே வாதாடப் போகிறார்கள் என்றதும் மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார்.

முதலில் கண்டக்டர். போலீஸ் தரப்பு கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். பிறகு சந்தனத்தின் முறை. கடைசி வரிசையிலிருந்து எழுந்து கேட்பானே, அதே குரல்.

"நான் டிக்கெட்டு வாங்குனனா?"

"வாங்குன."

"அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"முழு டிக்கெட்டு."

"பஸ்ஸுல எடம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப எதுக்கு என்னைய எந்திரிக்கச் சொன்னீக?"

கண்டக்டர் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி வீட்டு ஆளைப் பார்த்தார். "அது வழக்கம்," என்றார்.

"யாரு வழக்கம்?"

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் முறைத்தார்.

நூர் இந்த இடத்தில் குறுக்கிட்டாள். "அப்போ கண்டக்டர்தானே வாப்பா தப்பு செய்தது? இதற்கு எதற்குக் கோர்ட்?" ராமநாதபுரம் ஜில்லாவுக்கே தெரியாமல் போனது இவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தமிழ் பாதிதான் ஏறுகிறது என்று சற்று முன்பு வருத்தப்பட்டவன், ஊரின் மீதிப் பாதி இவளுக்கு ஏறாமலே போகட்டும் என்று அப்போது நினைத்தேன்.

ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை. பயணிகள் பட்ட பாட்டைச் சொல்ல போலீஸ் தரப்பு ஒரு சாட்சியைக் கொண்டுவந்தது. அந்தோணியம்மாள்! அவரைக் கண்டதுமே நாங்கள் தொலைந்தோம் என்று நினைத்தேன். கூடையை வாசலில் வைத்துவிட்டுக் கூண்டில் ஏறினார். மாதா மேல் சத்தியம் செய்தார். சந்தை போனது, வியாபாரம் போனது, வெயிலில் மண்டை காய்ந்தது என்று ஒரு பாட்டம் தீர்த்தார். எங்களை நோக்கிக் கையை நீட்டி, "இந்தா நிக்கிறானுகளே, இவனுகதான்!" என்றார். போலீஸ்காரருக்கு முகமெல்லாம் பல்.

சந்தனம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"ஆத்தா, அன்னைக்கு விசிலு யாரு கையில இருந்துச்சு?"

அந்தோணியம்மாள் ஏதோ திட்ட வாயெடுத்தவர் நின்றார். யோசித்தார். மெல்லத் திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தார்.

"அந்தா, அந்த ஆளுகிட்டத்தான். பையில போட்டுக்கிட்டு வெத்தலை திங்கப் போயிட்டான்." அவருக்குக் கோபம் இப்போதுதான் வழி கண்டுபிடித்தது. "அய்யா எசமான், இந்தப் பயலுக உக்காந்துதான் இருந்தானுக. உக்காந்திருக்கிறவன் எப்படிய்யா பஸ்ஸ நிப்பாட்டுவான்? ஊத வேண்டியவன்ல ஊதல! எஞ் சந்தையக் கெடுத்தது இந்த ஆளுதான்யா!"

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் தலையைக் குனிந்து எழுதினார். அவர் தோள்களும் குலுங்கின. இருக்கையில் உட்கார்ந்திருப்பது மறியல் ஆகாது, எதிரிகள் விடுதலை என்று தீர்ப்புச் சொன்னார். நான் சந்தனத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவன் குதிக்கவில்லை. இரவல் சட்டை கிழிந்துவிடும் என்று பயம்.

அவன் பி.ஏ. எழுதினான், தேறினான். இருவரும் சென்னையில் சட்டம் படித்தோம். நான் கடல் தாண்டினேன். அவன் அதே ராமநாதபுரம் கோர்ட்டில் இன்றைக்கு வக்கீல். அவன் எழுந்து கேள்வி கேட்டால் போலீஸ்காரர்கள் இப்போதும் எச்சில் விழுங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வக்கீல் ஆகவேண்டும் என்ற வெறி எனக்கு அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றபோது பிடித்ததுதான்.

7

தீர்ப்பான அன்று சாயங்காலம் அவனுடைய பஸ்ஸில் நானும் ஏறினேன். நான் போகவேண்டிய திசை அதுவல்ல. அவன் உட்காருவதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியுமா?

அவன் முன்பக்கத்தில் உட்கார்ந்தான். கண்டக்டர் தலை நிமிராமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நான் பின்னிருக்கையில் சாய்ந்துகொண்டேன்.

ஆட்கள் ஏறினார்கள். எல்லா இடமும் நிறைந்தது. சந்தனத்துக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருந்தது. ஏறியவர்கள் அதைப் பார்த்தார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூட்டையோடு வந்தவர் மூட்டையோடு நின்றார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவளும் நின்றாள். எந்தச் சட்டத்தைக் கொண்டு இவர்களை உட்காரவைப்பது? சந்தனத்தின் பிடரி விறைத்திருந்தது. அவன் திரும்பவில்லை. கோர்ட்டில் ஆடாத அவன் தோள் இப்போது ஆடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"நீ வராத காசிம்," என்றான் திரும்பாமலே. "நீ உக்காந்தா அது கணக்குல சேராது."

அப்போது வாசலில் ஒரே சத்தம். அந்தோணியம்மாள், கருவாட்டுக் கூடையோடு, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினார். நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். காலி இடத்துக்கு அருகில் வந்தவர் நின்றார். அத்தனை சத்தமும் எங்கேயோ போயிற்று. ஒரு மாதிரித் தயங்கிக்கொண்டு சந்தனத்தைப் பார்த்தார்.

"ஏய்யா தம்பி, காலு கடுக்குது. ஆனா கருவாட்டு நாத்தம் பாரு, நான் உக்காந்தாப் பக்கத்துல இருக்குறவுக எந்திரிச்சிருவாக. நீயும் எந்திரிச்சிருவியா?"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சந்தனம் அவரை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"எந்திரிக்க மாட்டேன் ஆத்தா," என்றான். "இனி எதுக்கும் எந்திரிக்க மாட்டேன். நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கூடைக்கு இடம் போதாததால் பாதியை அவன் மடியில் ஏற்றி வைத்தார். அவன் ஊர் வரும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்துகொண்டு போனார்கள்.